தண்ணீருக்குள் ஒரு மின்னல்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அவர்கள் போன் செய்து, "தம்பி, இந்த வருஷம் நீங்க அரை மணி நேரம் பேசணும். உங்க சாதனை ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, பசங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார். யோசித்துப் பார்த்தேன். 2010இல் மின்னியல் பொறியியல் முடித்து வெளியே போனவன். கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். சாதனை என்று மேடை ஏறிச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "சார், ஒரு தோல்வியைப் பத்திப் பேசட்டுங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, ஆனா முடிவு நல்லா இருக்கணும்" என்றார். முயற்சி செய்கிறேன்.

நான் பிறந்தது 1989. அந்த வருஷம் மார்ச் 23ஆம் தேதி, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிளைஷ்மன், பான்ஸ் என்ற இரண்டு வேதியியல் அறிஞர்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டி ஒரு செய்தி சொன்னார்கள். கனநீரில் பல்லேடியம் கம்பியை வைத்து மின்சாரம் செலுத்தினோம், கொடுத்ததைவிட அதிக வெப்பம் வந்தது, அணுக்கரு இணைவு மேஜை மேலேயே நடக்கிறது என்றார்கள். உலகமே பரபரத்தது. நம் நாட்டிலும் டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், அன்று அதன் இயக்குநராக இருந்த பி. கே. ஐயங்கார் அவர்களின் ஊக்கத்தில் பல குழுக்கள் இதைச் செய்து பார்த்தன. நியூட்ரானும் டிரிட்டியமும் கண்டதாக அறிக்கையும் வந்தது. ஆனால் பெரும்பாலான ஆய்வகங்களில் திரும்பச் செய்தபோது அந்த மிகை வெப்பம் கைக்குச் சிக்கவில்லை. 2019இல்கூட, கூகுள் நிறுவனம் பணம் கொடுத்துப் பல வருஷம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு நேச்சர் இதழில் வந்தது. அவர்களுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

இதற்கு ஒரு தம்பி உண்டு. ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓமோரி, மிசுனோ இருவரும் 1998இல் வான்கூவர் மாநாட்டில் ஒரு கட்டுரை கொடுத்தார்கள். கனநீர் வேண்டாம், சாதாரண நீரே போதும். அதில் பொட்டாசியம் கார்பனேட்டைக் கரைத்து, டங்ஸ்டன் கம்பியை எதிர்மின்வாயாக வைத்து, வோல்டேஜை ஏற்றினால் தண்ணீருக்குள்ளேயே மின்பொறி பற்றிக்கொள்ளும். அப்போது மிகை ஆற்றல் வருகிறது என்று எழுதினார்கள். பல்லேடியம் நமக்குக் கட்டுப்படியாகாது. இதற்கு வேண்டியது ஒரு பீக்கர், கொஞ்சம் உப்பு, டிக் வெல்டிங் கடையில் கிடைக்கும் டங்ஸ்டன் ராடு. அவ்வளவுதான். அதனால் உலகம் பூராவும் என்னைப் போன்ற ஆர்வக்கோளாறுகள் வீட்டிலேயே இதைச் செய்ய ஆரம்பித்தார்கள்.

2017இல் நானும் ஆரம்பித்தேன். கூட்டாளி, என் ஹாஸ்டல் ரூம்மேட். அவன் இன்று இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். கையைத் தூக்கச் சொல்லமாட்டேன், பயப்படாதே.

எங்கள் ஆராய்ச்சிக்கூடம், வீட்டு மொட்டைமாடியில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் அறை. ஒரு லிட்டர் கண்ணாடி பீக்கரில் 27.6 கிராம் பொட்டாசியம் கார்பனேட். நேர்மின்வாய்க்குத் துருப்பிடிக்காத எஃகு வலை. நடுவில் 2.4 மி.மீ. டங்ஸ்டன் ராடு. வீட்டு 230 வோல்ட் லைனிலிருந்து வேரியாக், அதிலிருந்து பிரிட்ஜ் ரெக்டிஃபையர், அதிலிருந்து பீக்கர். ஃபில்டர் கெபாசிட்டர் போடவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வோல்டேஜை மெல்ல ஏற்றும்போது முதலில் எல்லாம் பாடப்புத்தகம் மாதிரிதான். குமிழ் வரும், கரண்ட் ஏறும், தண்ணீர் சூடாகும். 100 வோல்ட்டைத் தாண்டி ஒரு கட்டத்தில் திடீரென்று கரண்ட் இறங்கிவிடும். நீராவியும் ஹைட்ரஜனும் ராடைச் சுற்றி ஒரு உறை மாதிரிப் போர்த்திக்கொள்கிறது. அந்த உறைக்குள் மின்சாரம் பொறியாகப் பாய்கிறது. சடசடவென்று சத்தம். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஒரு வெளிச்சம். அறை விளக்கை அணைத்தால், தண்ணீருக்குள் ஒரு குட்டி மின்னல் நின்று எரிகிற மாதிரி இருக்கும். முதல் நாள் ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் பேச்சே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை அழகாக இருக்கிற ஒன்று பொய் சொல்லாது என்று தோன்றியது.

அழகுக்கும் உண்மைக்கும் சம்பந்தம் இல்லை. அது பின்னால் புரிந்தது.

மூன்றாம் நாளே ஒரு அடி. வேரியாக் வோல்டேஜைக் குறைக்கும், ஆனால் லைனிலிருந்து நம்மைப் பிரிக்காது. பீக்கரில் இருக்கும் தண்ணீர் முழுக்க லைவ். நண்பன் தெர்மாமீட்டரை எடுக்கக் கை வைத்தான். சுவரில் போய் விழுந்தான். நல்லவேளை, காலில் ரப்பர் செருப்பு. எழுந்து உட்கார்ந்து, "டேய், மூணாவது செமஸ்டர்ல இதப் படிச்சோம்டா" என்றான். மறுநாளே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினோம். படித்தது ஞாபகத்துக்கு வர 230 வோல்ட் தேவைப்பட்டது.

இனி அளவு. எங்கள் முறை எளிமையானது. தண்ணீரை முதலிலேயே கொதிநிலைக்குக் கொண்டுவந்து, சரியாகப் பத்து நிமிடம் பொறியை ஓட்டுவது. எவ்வளவு தண்ணீர் ஆவியானது என்று தராசில் பார்ப்பது. ஒரு கிராம் நீர் 100 டிகிரியில் ஆவியாக 2257 ஜூல் வேண்டும். பெருக்கினால் வெளியே வந்த ஆற்றல். உள்ளே போனதற்கு இரண்டு மல்ட்டிமீட்டர். ஒன்றில் 160 வோல்ட், ஒன்றில் 1.5 ஆம்பியர், ஆக 240 வாட். பத்து நிமிடத்தில் 1,44,000 ஜூல். தராசில் குறைந்தது 88 கிராம். அது 1,98,600 ஜூல்.

வகுத்துப் பாருங்கள். 1.38.

நூறு ரூபாய் போட்டால் நூற்று முப்பத்தெட்டு! திரும்பத் திரும்பச் செய்தோம். திரும்பத் திரும்ப அதேதான் வந்தது. அன்றிரவு தூங்கவில்லை. வேலையை விடுவதா, சம்பளமில்லா லீவு போடுவதா என்பதுவரை பேசிவிட்டோம். அப்பா மட்டும், "1996ல மூலிகை பெட்ரோல்னு சொன்னப்ப ஊரே நம்புச்சு, ஞாபகம் வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். எனக்குக் கோபம் வந்தது.

விஷயம் என் தாய்மாமன் காதுக்குப் போனது. விசைத்தறி வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் போனவர், அடுத்த வாரம் ஒரு மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே பாங்க் பாஸ்புக்.

"மாப்ளே, நாலு லட்சம் இருக்குது. பாப்பா கல்யாணத்துக்குன்னு வெச்சது. கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குதில்ல. நீ பெருசா ஒண்ணு பண்ணு. தறிக்கு ஆகற கரண்ட்டுல பாதி மிச்சமானாப் போதும்."

நண்பர்களே, அந்த மஞ்சப்பைதான் என்னைக் காப்பாற்றியது. அதுவரை அது எங்கள் விளையாட்டு. அந்தப் பையைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ புரண்டது. "ஒரு மாசம் பொறுங்க மாமா" என்றேன். அந்த வாரமே பஸ் ஏறி இந்தக் கல்லூரிக்கு வந்தேன். எங்களுக்கு மின் அளவியல் நடத்திய பேராசிரியர், அப்போது ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. என் நோட்டைப் புரட்டினார். சர்க்யூட் படத்தைப் பார்த்தார். "கெபாசிட்டர் எங்கே?" என்றார்.

"போடலைங்க சார்."

"மீட்டர் என்ன காட்டும்?"

"சராசரி, சார்."

"ரெண்டு சராசரியைப் பெருக்கினா, பெருக்கலோட சராசரி வருமா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மாணவச் செல்வங்களுக்காக இதை விளக்குகிறேன். ஒரு மல்லிகைப்பூக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளில் முழம் 60 ரூபாய், 100 முழம் விற்கிறது. வரவு 6000. சாதாரண நாளில் முழம் 20 ரூபாய், 20 முழம்தான் போகிறது. வரவு 400. இரண்டு நாளைக்கும் சேர்த்து 6400. இப்போது சராசரி எடுங்கள். சராசரி விலை 40, சராசரி விற்பனை 60 முழம். பெருக்கினால் நாளைக்கு 2400, இரண்டு நாளைக்கு 4800. மீதி 1600 ரூபாய் எங்கே போனது? விலையும் விற்பனையும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினால், சராசரிகளின் பெருக்கல் எப்போதும் குறைத்துத்தான் காட்டும்.

ஃபில்டர் இல்லாத ரெக்டிஃபையரில் வோல்டேஜும் கரண்ட்டும் நொடிக்கு 100 தடவை அப்படித்தான் ஏறி இறங்குகின்றன. சாதாரண ரெசிஸ்டன்ஸ் லோடிலேயே, உண்மையான பவர் சராசரிகளின் பெருக்கலைவிடப் பை வர்க்கம் வகுத்தல் எட்டு, அதாவது 1.23 மடங்கு. பொறி விட்டு விட்டுப் பாயும் எங்கள் பீக்கரில் அது இன்னும் அதிகம். எங்களுக்குக் கிடைத்த அதிசயத்தில் பெரும்பகுதி அந்த 1600 ரூபாய்தான்.

இதில் எனக்குப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. தொழிற்சாலையில் எனக்குத் தினசரி வேலையே பம்ப்பின் திறனை அளப்பது. யாராவது ஒரு பையன் 138 சதவீதம் எஃபிஷியன்சி என்று ரிப்போர்ட் கொண்டுவந்தால், "போய் மீட்டரைப் பார்றா" என்று விரட்டியிருப்பேன். வீட்டு மாடியில் அதே ஆள், அதே மூளை, ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஏனென்றால் விடை எனக்குப் பிடித்திருந்தது.

மேலாளரிடம் அனுமதி கேட்டு பவர் அனலைசரை ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உண்மையான பவர் 310 வாட். பத்து நிமிடத்துக்கு 1,86,000 ஜூல். விகிதம் 1.38இலிருந்து 1.07ஆகச் சரிந்தது. நண்பன் விடவில்லை. "ஏழு சதவீதம் இருந்தாலும் உலகம் மாறிடும்டா" என்றான். உண்மைதான். அரை சதவீதம் இருந்தாலும் மாறிவிடும்.

அந்த ஏழைக் கண்டுபிடித்தது என் அம்மா. எட்டாம் வகுப்பு.

அந்த வருஷ தீபாவளி அக்டோபர் 18. மூலையில் மஞ்சள் தடவிய புதுச் சட்டையோடு, சாப்பிட்டதும் மாடிக்கு ஓடினேன். சட்டையைக் கழற்றி மேஜைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் அம்மா அதை மடிக்கும்போது கூப்பிட்டார். "ஏன் கண்ணு, மஞ்சள் வெச்ச எடத்துல குங்குமம் எங்கிருந்து வந்துது?"

பார்த்தால் மஞ்சள் கறை முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, அதே கதைதான். பொட்டாசியம் கார்பனேட் கரைசலும் காரம். ஆனால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தானே, உப்பு ஆவியாகாதே! அப்படியானால் சட்டைக்கு உப்பு எப்படி வந்தது? துளியாகத் தெறித்து வந்தது. பொறி வெடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூவானமாகத் தண்ணீர் வெளியே பறந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் நாங்கள் ஆவி என்று எண்ணி, கிராமுக்கு 2257 ஜூல் என்று வரவு வைத்துக்கொண்டிருந்தோம்.

உறுதி செய்ய, ஒரு வெள்ளைத் துணியை மஞ்சள் நீரில் நனைத்துக் காயவைத்து பீக்கருக்கு ஒரு சாண் மேலே கட்டினோம். பத்து நிமிடத்தில் துணி முழுக்கப் பொட்டு. பிறகு பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைப் பிரித்து மூடி மாதிரி வைத்தோம். துளி அதில் பட்டுத் திரும்ப உள்ளே விழும், ஆவி மட்டும் போகும். இப்போது தராசில் குறைந்தது 76 கிராம். விகிதம் 0.92.

மீதி 8 சதவீதம்? பீக்கரின் பக்கவாட்டில் போகும் வெப்பமாக இருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்றால் போதாது என்பதை அதற்குள் கற்றிருந்தோம். டங்ஸ்டனை எடுத்துவிட்டு, குளியலறையில் தண்ணீர் சுடவைக்கும் சாதாரண ஹீட்டர் காயிலை அதே பீக்கரில் போட்டு, அதே 310 வாட் கொடுத்து, அதே பத்து நிமிடம் ஓட்டினோம். 76 கிராம். அதே 0.92. எங்கள் மின்னலும் ஒரு ஹீட்டர் காயில்தான், கொஞ்சம் அழகான காயில்.

மாமாவை வரச்சொன்னேன். "அது இல்லீங்க மாமா. நான் அளந்ததுதான் தப்பு" என்றேன். அவர் கேட்ட கேள்வியை எந்த ஆய்வுக் குழுவும் கேட்கலாம். "அன்னிக்குத் தப்பா அளந்தியா, இல்ல இன்னிக்குத் தப்பா அளக்கறியா? எனக்கு எப்படித் தெரியும்?"

பவர் அனலைசரைக் கழற்றிவிட்டு, பழைய இரண்டு மல்ட்டிமீட்டரைப் பழைய மாதிரியே மாட்டி, ஹீட்டர் காயிலை ஓட்டிக் காட்டினேன். கணக்கு 1.14 என்று வந்தது. மாமா காயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப எங்க வீட்டு ஹீட்டரும் கரண்ட்டு உற்பத்தி பண்ணுதாக்கும்?" என்றார். சிரிக்கவில்லை. பாஸ்புக்கை மஞ்சப்பைக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டு, அம்மா போட்ட காபியைக் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டார். ஆறு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பணம் போகவில்லை, ஆனால் ஆசை போனது. அதுவும் ஒரு நஷ்டம்தான். கொடுத்தவன் நான்.

நாங்கள் கண்டது ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சிறு ஆய்வகம் இதே டங்ஸ்டன் சோதனையைக் கவனமாக அளந்து, மிகை இல்லை என்று முன்பே சொல்லியிருந்தது. அதை நான் படித்தும் இருந்தேன். "அவங்க சரியாச் செய்யல" என்று ஒதுக்கிவைத்திருந்தேன்.

மாணவ நண்பர்களே, இதைக் கேட்டுவிட்டு யாரும் இதெல்லாம் பைத்தியக்கார வேலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு வருஷம் படித்ததைவிட அந்த நான்கு மாதத்தில் நான் அளவியல் அதிகம் கற்றேன். செய்து பாருங்கள். ஆனால் சில எச்சரிக்கைகள். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தனியாகச் செய்யாதீர்கள். ஹைட்ரஜன் தேங்கும்படி மூடிவைக்காதீர்கள். 1992 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஒரு ஆய்வகத்தில் கனநீர்க் கலம் வெடித்து ஒரு விஞ்ஞானி உயிரிழந்தார். 2005 ஜனவரியில் மிசுனோவின் கலமே வெடித்துச் சிதறி அவருக்குக் காயம் ஏற்பட்டது. சிவப்பு நுனி டங்ஸ்டன் ராடில் தோரியம் கலந்திருக்கும். அது தானே கதிர்வீசும். அதை வைத்துச் சோதித்துவிட்டு, கதிர்வீச்சு கண்டேன் என்று ஓடிவராதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதிசயம் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்த ஒரு பொருளை அதே மீட்டரில் வைத்து முதலில் அளந்து பாருங்கள். அதிலும் அதிசயம் வந்தால், அதிசயம் மீட்டரில் இருக்கிறது.

தண்ணீருக்குள் மின்பொறியால் பயனே இல்லையா என்றால், உண்டு. 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை, கத்தி வைக்காமல் உடைத்தார்கள். நீருக்குள் ஒரு பொறி. அது எழுப்பும் அதிர்வலையை நீள்வட்டக் கிண்ணம் ஒன்று கல்லின்மேல் குவிக்கும். அவ்வளவுதான் தத்துவம். கொடுத்த ஆற்றலுக்கு மேல் அது ஒரு ஜூல்கூடத் தரவில்லை. கொடுத்ததைச் சரியான இடத்தில் சேர்த்தது. அதனால் எத்தனையோ பேர் அறுவை சிகிச்சை இல்லாமல் வீடு திரும்பினார்கள்.

செயலாளர் அவர்கள் நல்ல முடிவு கேட்டார். 2019இல் மாமா பெண்ணின் கல்யாணம் அந்தப் பணத்தில்தான் நடந்தது. பந்தியில் நான் சாம்பார் ஊற்றினேன். என் வாளியைப் பிடித்து நிறுத்தி மாமா சொன்னார்: "மாப்ளே, அந்த ஆபீஸ் மீட்டரை ஒரு நாளைக்கு நம்ம தறிக் குடோனுக்குக் கொண்டாந்து பாரேன்." போனேன். பெல்ட் தளர்ந்த தறிகள் சில, சுடுகிற மெயின் சுவிட்ச் ஒன்று. சரிசெய்தோம். பில் பாதியாகவில்லை. கொஞ்சம் குறைந்தது. அன்றைக்கு அவர் வீட்டில் காபி குடித்தேன்.

எனக்கு அளக்கக் கற்றுக்கொடுத்த இந்தக் கல்லூரிக்கும், கெபாசிட்டர் எங்கே என்று கேட்ட அந்தப் பேராசிரியருக்கும் தலைவணங்கி விடைபெறுகிறேன்.